எற்பாடு

மாலை நாலேகாலுக்குப் பள்ளி மணி அடிக்கிறது. கேட்டைத் திறந்ததும் பிள்ளைகள் ஆறாகப் பாய்கிறார்கள். ஐஸ் வண்டியையும் மாங்காய்க்காரப் பாட்டியையும் மொய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இரைச்சல். கால் மணி நேரத்தில் தெரு ஓய்ந்துவிடுகிறது. இந்தக் கால் மணி நேரத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கு அடுத்த மூன்று மணி நேரத்தை எத்தனை பேர் பார்த்திருப்போம்? காலையில் வருகைப் பதிவேட்டில் ஏறிய பெயர் மாலையில் எந்த ஏட்டிலும் இல்லை. அம்மாவைக் கம்பெனி வேன் இறக்கிவிட ஏழு மணி ஆகும். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பூட்டிய வீட்டு வாசலில் புத்தகப் பையை இறக்கிவைத்துவிட்டு, அரைஞாண் கயிற்றில் முடிந்திருக்கும் சாவியைத் தடவி எடுக்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

அந்தப் பொழுதுக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்த நம் முன்னோர், கதிரவன் சாயத் தொடங்கும் பிற்பகலை எற்பாடு என்றார்கள். உரையில் மாறுபட்டவர்கள் உண்டு. பெருவழக்கான பொருள் இதுதான். தொல்காப்பியம் அதை நெய்தல் நிலத்துக்கு உரியதாக்குகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். திரைகடலுக்குப் போனவன் கரை சேரும்வரை மணலில் நின்று ஏங்குகிறவளின் மனநிலை அது. காதலருக்கு வகுத்த இலக்கணத்தைப் பள்ளிப் பிள்ளைக்கு நீட்டுவதை எந்த உரையாசிரியரும் ஒப்பமாட்டார். ஆனாலும் பகலின் எல்லாப் பொழுதுகளிலும் மனிதன் இன்னொருவருக்காக அதிகம் காத்திருக்கும் பொழுது இதுவே என்று கண்டவர்களின் கண் தப்பாகப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பையனும் யாருக்கோ காத்திருக்கிறான். யாருக்கு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளி நேரத்துக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. வீட்டு நேரத்துக்கு வழக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த நேரம் புறம்போக்கு நிலம் மாதிரி கிடக்கிறது. புறம்போக்கை யாரும் நெடுநாள் சும்மா விட்டுவைப்பதில்லை. பணம் உள்ள வீட்டில் டியூஷன் வந்து வேலி போட்டுக்கொள்கிறது. இல்லாத வீட்டில் செல்போன் வந்து குடியேறுகிறது. டியூஷனைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தரத்தான் வேண்டும். இருந்தாலும் டியூஷன் என்பது பள்ளியின் நிழல். உருவம் எப்படியோ நிழலும் அப்படி. காலையில் எந்த மதிப்பெண்ணால் அளக்கப்பட்டதோ அதே மதிப்பெண்ணால்தான் மாலையிலும் அந்தப் பிள்ளை அளக்கப்படுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிள்ளைகள் தாங்களாகக் கூடுவது. தெருமுனைக் கேரம் பலகை, மைதானத்து ஓரம், நூலகத்தின் பின்வாசல், கோயில் மண்டபம். இளையவர்கள் இப்படிக் கூடுவதைக் கண்டால் பெரியவர்களுக்கு ஒரு கலக்கம் வருகிறது. ‘கும்பல் சேர்றானுங்க’ என்பார்கள். அந்தக் கலக்கம் இன்று நேற்று வந்ததில்லை. ‘கழகம்’ என்ற சொல்லைப் பாருங்கள். திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். கம்பனிடம் வரும்போது அதுவே கலை பயிலும் இடமாகிவிடுகிறது. இன்று பல்கலைக்கழகம் என்கிறோம். யாருக்கும் தாயக்கட்டை நினைவுக்கு வருவதில்லை. கூடும் இடம் ஒன்றுதான். அது எதுவாக மாறுகிறது என்பது அங்கே யார் வந்து உட்கார்கிறார்கள், என்ன பொருளை நடுவில் வைக்கிறார்கள், எவ்வளவு காலம் விடாமல் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மொழி இந்த உண்மையைத் தன் நினைவில் வைத்திருக்கிறது. நாம்தான் மறந்துபோய்க் கூட்டத்தைக் கலைப்பதிலேயே குறியாக இருக்கிறோம்.

1970களின் சென்னையில், சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு செஸ் கிளப் இருந்தது. உலக சாம்பியன் மிகயீல் டாலின் பெயரைத் தாங்கிய டால் செஸ் கிளப். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் முன்னின்று 1972இல் தொடங்கியது. ஆறு வயதில் அம்மாவிடம் காய் நகர்த்தக் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக அங்கே போய் ஆடினார். அங்கே நடந்த பிளிட்ஸ் ஆட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் பலகை முன்னாலேயே இருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஆனந்தின் மின்னல் வேகம் அந்த வரிசையில் விளைந்தது என்பார்கள். இருக்கலாம். எனக்கு அந்த வேகத்தைவிட அந்த வரிசையே பெரிதாகப் படுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் தோற்கிறான். எழுந்திருக்கிறான். கடைசியில் போய் நிற்கிறான். முன்னால் ஆடுகிறவர்களை எட்டிப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் அவன் முறை மறுபடி வருகிறது. பிளிட்ஸ் ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான்; ஆக அவன் தோல்வியின் ஆயுள் ஒரு வரிசையின் நீளம். அந்த வரிசையில் பெரியவர்களும் இருக்கிறார்கள். தன் அப்பா வயது மனிதர் தோற்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தனக்குப் பின்னால் வந்து நிற்பதையும் அவன் பார்க்கிறான். தோற்பது சிறுவர்களுக்கு மட்டும் விதித்த தண்டனையில்லை என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

பள்ளியில் இந்த வரிசை கிடையாது. அரையாண்டில் வாங்கிய முப்பத்திரண்டு மதிப்பெண் முழு ஆண்டும் கூடவே வருகிறது. அதில் அப்பா கையெழுத்துப் போடவேண்டும். அத்தை வந்தால் சொல்லவேண்டும். கற்பிக்கும் இடமும் தீர்ப்புச் சொல்லும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டிய கட்டாயம் பள்ளிக்கு உண்டு. சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு வேறு விதமாக இயங்க முடியாது. அதனாலேயே தீர்ப்பு இல்லாத இன்னோர் இடம் அதே பிள்ளைக்கு அதே நாளில் வேண்டியிருக்கிறது. தோல்வி ஒன்றே யாரையும் உடைத்துவிடுவதில்லை. இந்தத் தோல்விக்கு வெளியே நிற்கத் தனக்கு ஓரடி மண்ணும் இல்லை என்று தெரியவரும்போது, தன்னைப் பற்றி ஊரில் ஒரே ஒரு கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது, அதில் தன் பக்கத்தில் சிவப்பு மைதான் இருக்கிறது என்று உணரும்போது, பதின்மூன்று வயது மனம் உள்ளுக்குள் எதையோ கைவிட்டுவிடுகிறது, அப்படிக் கைவிட்டது என்னவென்று பிறகு நாற்பது வயதிலும் அதற்குச் சொல்லத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் ஒரு தவறான கணக்குப் போடுகிறோம். குகேஷ் ஏழு வயதில் பள்ளியில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் செஸ் கற்றவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய மாதம் வடசென்னையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். உடனே நாம், ‘பார்த்தீர்களா, மன்றங்கள் எவ்வளவு பயனுள்ளவை’ என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். பெருமைப்படுவோம், தப்பில்லை. ஆனால் பதக்கத்தைக் காட்டித்தான் ஒரு மாலை மன்றத்தை நியாயப்படுத்த வேண்டும் என்றால், அந்தப் பலகையைச் சுற்றி நின்ற மற்ற நூறு பிள்ளைகள் வீண் செலவு என்று ஒப்புக்கொண்டதாகிறது. அந்த நூறு பேரும் இப்போது எலக்ட்ரீஷியனாக, செவிலியாக, வங்கி எழுத்தராக, மூன்று பிள்ளைகளின் அம்மாவாக எங்கோ இருக்கிறார்கள். மன்றம் அவர்களுக்கு என்ன தந்தது என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதாது. அவர்களுக்குத்தான் அது நடந்தது.

என்ன தந்தது?

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்த திண்ணை ஒன்று நினைவுக்கு வருகிறது. பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை அடைக்க வந்தது இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய திட்டம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. வேலை நாளுக்குப் பங்கிட்டால் ஐம்பது ரூபாய்க்குள்தான் வரும். இந்த விவரமெல்லாம் நமக்குத் தெரிந்ததே. நான் சொல்லவந்தது அந்தத் திண்ணையை.

வீட்டுக்காரம்மா ஐந்து மணிக்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பெருக்கி, கோரைப்பாயை விரித்துவைத்திருந்தார். சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு சின்னக் கரும்பலகை. கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட படக்கதைத் தாள்கள். பி.ஏ. படித்து, கல்யாணமாகி வந்து, பதினொரு வருடம் அந்த வீட்டில் ‘ரமேஷ் அம்மா’வாகவோ ‘மேலத்தெரு மருமக’ளாகவோ அறியப்பட்டவரை அந்த மாலைகளில் இருபது வாய்கள் ‘மிஸ்’ என்று கூப்பிட்டன. ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவனை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. ஒரு சிலேட்டுக் குச்சியை அவன் கையில் கொடுத்துப் பாயின் ஓரத்தில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் வராத ஒரு பையனின் பெயரைச் சொல்லி, ‘அவன் ஏன் இன்னும் வரல, போய்ப் பாருடா’ என்று ஒருவனை அனுப்பினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. பள்ளியிலும் வராதவனைக் கேட்பார்கள்; அது கடமை, ஏட்டில் விழுந்த வட்டத்துக்கு விளக்கம். வீட்டிலும் கேட்பார்கள், அது இரத்தம். இரண்டும் இல்லாத ஒருவர், கேட்கவேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லாத ஒருவர், நம்மைக் காணவில்லையே என்று வாசலைப் பார்க்கிறார். பிள்ளை வருவதும் அப்படித்தான்: வராவிட்டால் அபராதம் இல்லை, வந்தால் மதிப்பெண் இல்லை. கட்டாயம் இல்லாத இரண்டு வருகைகள் ஒரு பாயின்மேல் சந்திக்கின்றன. மனிதருக்கிடையே கட்டாயத்தால் விளையும் உறவுகள் நமக்குப் பாதுகாப்பைத் தரலாம், ஒழுங்கைத் தரலாம், சோறும் தரலாம். ஆனால் ‘நான் இந்த உலகுக்கு வேண்டியவன்தான்’ என்ற நம்பிக்கையை, தன்னை விரும்பி எதிர்பார்த்த ஓர் அந்நியரின் முகத்திலிருந்து மட்டுமே ஒரு வளரும் மனம் எடுத்துக்கொள்ள முடிகிறது, அந்த முகத்தை ஒரு முறையாவது கண்டவர்கள்தாம் பிற்காலத்தில் தமக்கு உறவில்லாத பிள்ளைகளுக்காகத் தம் வாசலைத் திறந்துவைக்கிறார்கள். சமூகம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பொருள் தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கைமாறும் வழி இதுவே.

தம்பியைச் சுமந்துவந்த அந்தச் சிறுமியிடம் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும். மாலைப் பொழுது நம் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஆண்பிள்ளைக்கு அது ஊர் சுற்றும் நேரம். பெண்பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரம், பாத்திரம் தேய்க்கும் நேரம், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம். பத்து வயதுவரை பாண்டி ஆடியவளை, வயதுக்கு வந்த மறுவாரமே ‘இனிமே என்ன தெருவுல வேலை’ என்று உள்ளே அழைத்துக்கொள்கிறோம். ஊரின் கேரம் மன்றத்தில், கபடிக் குழுவில், மைதானத்தில் அவளுக்கு இடமில்லை என்று எந்தப் பலகையும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தேவையே இல்லாதபடி அது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு வீடு தள்ளி, தெரிந்த அக்காவின் திண்ணை என்பதால்தான் அவளை அனுப்பினார்கள். ஆக மன்றம் எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன நிர்வாக விவரம் இல்லை. பாதிப் பிள்ளைகள் உள்ளே வருவதும் வராததும் அதைப் பொறுத்தது. காசிமாவின் மூன்று தங்கத்தில் என்னை அதிகம் யோசிக்கவைப்பதும் இதுதான். தெருப்பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித்தந்தவர் அவருடைய அப்பாவே. அப்பா வேறு யாராகவோ இருந்திருந்தால்?

கோடை விடுமுறைக்கு வருவோம். ஒரு காலத்தில் மே மாதம் என்றால் பாட்டி வீடு. இன்று பாட்டியும் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். விடுமுறை என்பது சிலருக்கு நீச்சல், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு என்று கட்டணம் கட்டிய முகாம். பலருக்கு அது கூரைக்குக் கீழே நீண்டு கிடக்கும் வெயில். ஒவ்வொரு கோடையிலும் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் குளிக்கப்போன பிள்ளைகளின் செய்தி வருகிறது. நாம் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் பாட்டு, பரதம், ஓவியம் என்று நடத்துகின்றன. அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் இருக்கின்றன. நூலகங்களில் கோடை முகாம்கள் நடக்கின்றன. இருப்பது தெரியாமலே அதே ஊரில் வளர்ந்து முடிக்கும் பிள்ளைகள்தாம் அதிகம்.

மன்றம் தொடங்குவதைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்களிடம் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். தொடங்குவது எளிது. ரிப்பன், வாழைமரம், மைக் செட், குழுப் படம். மூன்றாம் மாதம் நிதி வரவில்லை. ஐந்தாம் மாதம் பொறுப்பாளர் மாறிப்போனார். ஏழாம் மாதம் கதவில் பூட்டு. பெரியவர்கள் அதை ஒரு திட்டம் முடிந்தது என்பார்கள். ஐந்து மணிக்கு வழக்கம்போல் வந்து பூட்டைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு அது திட்டம் இல்லை. தன்னை எதிர்பார்த்த ஒருவர் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான் அதற்குப் புரிகிறது. பெரியவர்களின் பாசத்துக்கும் மார்ச் 31 உண்டு என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளுமானால், அந்த மன்றம் தொடங்காமலே இருந்திருக்கலாம் என்பேன். கொடை பெரிதாக இருக்கவேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாளே ஆனாலும், அந்த இரண்டு நாளும் மழையானாலும் கதவு திறந்திருக்கவேண்டும். பதின்பருவத்தில் ஒருவனுக்கு உடல் மாறுகிறது, குரல் மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், தன்னைப் பற்றிய எண்ணமே வாரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. இத்தனை மாற்றத்துக்கு நடுவே மாறாத ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கு வேண்டும்.

அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு கேரம் பலகை, ஒரு குழல்விளக்கு, பத்து நூலகப் புத்தகம், சலிக்காமல் வரும் ஒரு மனிதர். இடத்துக்கும் நம் ஊர்களில் பஞ்சமில்லை. ஏறக்குறைய எல்லா ஊரிலும் சமுதாயக்கூடம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் திறந்து மற்ற நாளில் பூட்டிவைக்கிறோம். நாலேகாலுக்குப் பிறகு பள்ளி மைதானத்தைப் பூட்டுகிறோம். பையனின் அரைஞாணில் ஒரு சாவி தொங்குகிறது. அதைக்கொண்டு திறந்தால் ஆளில்லாத வீடு. ஆள் கூடவேண்டிய கூடத்தின் சாவியோ யார் வீட்டு ஆணியிலோ தொங்குகிறது.

உங்கள் ஊர்க் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று மாலை ஐந்து மணிக்கு முன்னால் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.